பரிசு பறக்க வைத்ததா?

வானூர்தியின் வரலாற்றைப் பேச வருகிற எவரும் தவறாமல் சொல்கிற கதை ஒன்றுண்டு. செல்வந்தர் ஒருவர் பெருந்தொகையைப் பரிசாக அறிவிக்கிறார். உலகம் நகைக்கிறது. எங்கிருந்தோ வருகிற துணிச்சல்காரர் ஒருவர் பறந்து காட்டுகிறார். மனிதகுலம் ஒரு படி மேலேறுகிறது. 1909இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த லூயி ப்ளேரியோவும், 1927இல் அட்லாண்டிக்கைத் தனியே கடந்த சார்லஸ் லிண்ட்பர்கும் இக்கதையின் நிரந்தர நாயகர்கள்.

கதையோடு நின்றுவிட்டால் நமக்கு வழக்கில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு நீதி பிழியப்படுகிறது. ஆய்வுக்கூடங்களுக்கு மானியம் எதற்கு, பல்கலைக்கழகங்களுக்கு நிதி எதற்கு, ஒரு பரிசை அறிவியுங்கள், மேதைகள் தாமே வந்து சேர்வார்கள், தோற்றவர்களுக்கு நீங்கள் ஒரு காசும் தர வேண்டியதில்லை என்பதே அந்த நீதி. எங்கள் நண்பர்களிடையேயும் இதை மனமார ஏற்பவர்கள் உண்டு. அவர்களோடு நாங்கள் முரண்படுகிறோம். அம்முரண்பாட்டின் காரணங்களை இங்கே முன்வைக்க விழைகிறோம்.

முதலில் காலவரிசையைப் பார்ப்போம். 1904இல் பிரான்சில் ஆன்றி தாய்ச் த லா மெர்த் என்ற எண்ணெய்த் தொழிலதிபரும் எர்னஸ்ட் ஆர்ச்டீக்கன் என்ற வழக்கறிஞரும் சேர்ந்து ஐம்பதாயிரம் ஃபிராங்க் பரிசொன்றை அறிவித்தனர். ஒரு கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் பறந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. 1908 ஜனவரி 13 அன்று பாரிஸ் அருகே இஸ்ஸி திடலில் ஆன்றி ஃபார்மன் அதைச் சாதித்தார். பறந்த நேரம் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. ஐரோப்பா கொண்டாடியது.

ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே, 1904 செப்டம்பரில், அமெரிக்காவின் டேட்டன் நகருக்கு வெளியே ஒரு மேய்ச்சல் நிலத்தில் வில்பர் ரைட் முழு வட்டமடித்துப் பறந்து முடித்திருந்தார். 1905 அக்டோபர் 5 அன்று அவர் அதே நிலத்தின் மேல் சுற்றிச் சுற்றி 39 நிமிடங்களில் ஏறத்தாழ 39 கிலோமீட்டர் பறந்தார். அதற்கு எவரும் பரிசளிக்கவில்லை. அவர்கள் எந்தப் பரிசுக்காகவும் அதைச் செய்யவுமில்லை. செய்து முடிக்கப்பட்ட ஒன்றைத்தான் 1908இல் பரிசு கண்டுபிடித்துக் கைதட்டியது.

பரிசு வேண்டுமென்றிருந்தால் ரைட் சகோதரர்களுக்கு வாய்ப்புக் கிட்டாமல் இல்லை. 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் வான்பயணத்துக்கென ஒரு லட்சம் டாலர் பெரும்பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. சகோதரர்கள் நேரில் சென்று அந்தத் திடலைப் பார்த்தார்கள், விதிகளை ஆராய்ந்தார்கள், கலந்துகொள்ளாமல் ஒதுங்கினார்கள். அந்தப் பெரும்பரிசை யாருமே வெல்லவில்லை. 1908இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழின் கோப்பையும் முதலில் அவர்கள் வாசலுக்கே வந்தது. தண்டவாளத்தின் துணையின்றிச் சக்கரங்களில் ஓடி மேலெழ வேண்டும் என்றது விதி. அவர்களுடைய பொறி அவ்வாறு அமைக்கப்பட்டதன்று. அவர்கள் மறுத்தார்கள், கோப்பை கிளென் கர்டிஸுக்குப் போயிற்று. உலகிலேயே மிக நன்றாகப் பறந்துகொண்டிருந்த பொறியை வெளியே நிறுத்திவிடும்படி ஒரு போட்டியின் விதி அமைந்துவிட முடியும் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

நேர்மை கருதி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரைட் சகோதரர்கள் துறவிகள் அல்லர். 1908இன் கடைசி நாளன்று வில்பர் பிரான்சில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து இருபதாயிரம் ஃபிராங்க் மிஷ்லான் பரிசைப் பெற்றுக்கொண்டார். காப்புரிமை வழக்குகளிலும் அவர்கள் சளைத்தவர்கள் அல்லர். பணம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை என்று நாங்கள் வாதிடவில்லை. பொறி பிறந்தது பரிசினால் அன்று என்பதே எங்கள் வாதம்.

இங்கே நண்பர்கள் ஒரு குறுக்குக்கேள்வி எழுப்புவார்கள். ‘சாமுவேல் லாங்லியை மறந்துவிட்டீர்களா? அமெரிக்கப் போர்த்துறை அவருக்கு ஐம்பதாயிரம் டாலர் கொடுத்தது. 1903இல் அவருடைய பொறி இரண்டு முறையும் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இரண்டாவது வீழ்ச்சிக்கு ஒன்பது நாட்கள் கழித்து ஒரு சைக்கிள் கடைக்காரர்கள் சொந்தக் காசில் பறந்து காட்டினார்கள். மானியம் தோற்றதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?’

வேண்டாம். அந்த மானியம் தோற்றது உண்மைதான். ஆனால் வென்றது பரிசா? இல்லையே. லாங்லியின் தோல்வியைக் காட்டிவிட்டு அந்த இடத்தில் பரிசுப்போட்டியை உட்கார வைப்பது, வாதத்தில் கைமாற்றி வைக்கிற வித்தை. ரைட் சகோதரர்களை வெல்ல வைத்தவை வேறு. 1899இல் வில்பர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, வான்பயணம் குறித்து வெளியானவற்றை அனுப்பித் தருமாறு கேட்டார். பிரசுரங்களும் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலும் வந்து சேர்ந்தன. சறுக்குப் பறப்பில் உயிரை விட்ட ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தாலின் அட்டவணைகள் அச்சில் கிடைத்தன. அதுவரை நடந்த முயற்சிகளையெல்லாம் தொகுத்து ஆக்டேவ் ஷனூட் 1894இல் ஒரு நூலே வெளியிட்டிருந்தார்; கடிதம் எழுதிய எவருக்கும் சலிக்காமல் பதில் எழுதினார். அந்த அட்டவணைகள் தங்கள் அனுபவத்தோடு பொருந்தாதபோது, 1901இல் சகோதரர்கள் தாமே ஒரு சிறு காற்றுக்குகையைச் செய்து ஏறத்தாழ இருநூறு இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். பொதுவில் வைக்கப்பட்ட அறிவு, அதைச் சரிபார்க்கும் பொறுமை, கடையின் வருமானம் ஆகிய இவை மூன்றும்தான் அங்கே வேலை செய்தன. பரிசுப்போட்டியில் போட்டியாளன் தான் கண்டதை மறைக்க வேண்டியிருக்கிறது. லிலியந்தாலும் ஷனூட்டும் மறைத்திருந்தால் ரைட் சகோதரர்கள் எங்கிருந்து தொடங்கியிருப்பார்கள்?

அடுத்ததாக, பெரும்பரிசுகள் ஏன் அறிவித்த உடனே வெல்லப்படவில்லை என்று கேட்போம். இலண்டனின் ‘டெய்லி மெயில்’ நாளிதழ் அட்லாண்டிக்கை 72 மணி நேரத்துக்குள் கடப்பவர்க்குப் பத்தாயிரம் பவுன் என்று 1913இலேயே அறிவித்தது. யாராலும் முடியவில்லை. இடையில் உலகப்போர் வந்தது. 1919 ஜூனில் ஜான் ஆல்காக்கும் ஆர்தர் பிரவுனும் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டுப் பதினாறு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகப் பறந்து அயர்லாந்தின் சதுப்பு நிலத்தில் மூக்குக் குத்தி இறங்கினார்கள். அவர்கள் பறந்தது விக்கர்ஸ் விமி. அது குண்டுவீசுவதற்காக வடிவமைக்கப்பட்ட விமானம். அதன் இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் ஈகிள் எந்திரங்களும் போர்க்காலத்தில் அரசுப் பணத்தில் வளர்ந்தவை. அதே பத்தாயிரம் பவுன்தான் 1913இலும் மேசைமேல் இருந்தது. மாறியது எந்திரம். அந்த எந்திரத்தின் விலையை ஐரோப்பாவின் அகழிகளில் செலுத்தினார்கள். நாளிதழ் கடைசியில் காசோலை மட்டும் எழுதியது.

லிண்ட்பர்க் கதையும் இதுவே. பிரெனே மலையடிவாரத்தில் மேய்ப்பனாக இருந்து நியூயார்க்கில் விடுதி முதலாளியாக உயர்ந்த ரேமோன் ஓர்டெய்க், 1919இல் இருபத்தைந்தாயிரம் டாலர் அறிவித்தார். நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கோ பாரிசிலிருந்து நியூயார்க்குக்கோ இடைநில்லாமல் பறக்க வேண்டும், கெடு ஐந்தாண்டு. அந்த ஐந்தாண்டுகளில் பரிசை யாரும் நெருங்கவில்லை. அவர் கெடுவை நீட்டினார். இதற்கிடையில் அமெரிக்கக் கடற்படை, நீரில்லாமல் காற்றிலேயே குளிரும் எந்திரங்களைத் தொடர்ந்து ஆதரித்து வளர்த்தது. அந்த மரபில் வந்ததுதான் லிண்ட்பர்கின் விமானத்தில் முப்பத்து மூன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடிய ரைட் வேர்ல்விண்ட் எந்திரம். பழம் பழுத்தபின் மரத்தை உலுக்கியவருக்குத் தோட்டக்காரர் பட்டம் கொடுப்பதை நாங்கள் ஏற்பதற்கில்லை.

இப்போது, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறோம். பரிசின் சிறப்பாக நண்பர்கள் எதைச் சொல்கிறார்கள்? ‘வெற்றிக்கு மட்டும் விலை கொடுத்தால் போதும்.’ அப்படியானால் தோல்விக்கு யார் விலை கொடுத்தார்கள்? கணக்குப் பார்ப்போம்.

1919இல் ஆஸ்திரேலிய அரசு, பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முப்பது நாட்களுக்குள் பறந்து வரும் தன் நாட்டவர்க்குப் பத்தாயிரம் பவுன் அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களும் அவர்களுடைய இரண்டு எந்திரவியலாளர்களும் டிசம்பர் 10 அன்று டார்வின் நகரை அடைந்து அதை வென்றார்கள். அதே போட்டியில் ஒரு விமானம் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே இலண்டனின் புறநகரில் விழுந்தது. இன்னொன்று கிரேக்கத் தீவொன்றை ஒட்டிய கடலில் விழுந்தது. நால்வர் மாண்டனர்.

ஓர்டெய்க் பரிசுக்காக 1926 செப்டம்பரில் ரெனே ஃபோங்கின் விமானம் அளவுமீறிய சுமையோடு ஓடுதளத்தின் முடிவில் கவிழ்ந்து எரிந்தது. ஃபோங்க் தப்பினார், உடன் வந்த இருவர் எரிந்து போனார்கள். 1927 ஏப்ரலில் நோயல் டேவிஸும் ஸ்டான்டன் வூஸ்டரும் சோதனைப் பறப்பிலேயே இறந்தார்கள். மே 8 அன்று பாரிசிலிருந்து கிளம்பிய நங்கெஸரும் கொலியும் இன்றுவரை கண்டெடுக்கப்படவில்லை. ஆறு பேர். அவர்களுக்குப் பன்னிரண்டு நாட்களுக்குப் பின் லிண்ட்பர்க் கிளம்பினார். உலகம் அவரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது.

இவற்றினும் கொடியது ஹவாய் அன்னாசி வணிகர் ஜேம்ஸ் டோல் நடத்தியது. லிண்ட்பர்கின் புகழ் கொதித்துக்கொண்டிருந்தபோது, கலிஃபோர்னியாவின் ஓக்லண்டிலிருந்து ஹொனலூலுவுக்குப் பறப்பவர்களில் முதலாமவர்க்கு இருபத்தைந்தாயிரம் டாலர், இரண்டாமவர்க்குப் பத்தாயிரம் டாலர் என்று அவர் அறிவித்தார். பந்தயம் நடந்தது 1927 ஆகஸ்ட் 16 அன்று. ஆனால் அதற்கு ஏழு வாரங்கள் முன்பே, ஜூன் இறுதியில், மெய்ட்லண்ட், ஹெகன்பெர்கர் என்ற இரு இராணுவ அதிகாரிகள் அந்தக் கடலைப் பறந்து கடந்துவிட்டிருந்தார்கள். அறிவதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆயினும் பந்தயம் கைவிடப்படவில்லை. பந்தயத்துக்கு முந்தைய நாட்களில் நடந்த விபத்துகளில் மூவர் இறந்தனர். பந்தயத்தன்று கிளம்பியவற்றில் இரண்டு விமானங்கள் பசிபிக்கில் காணாமற்போயின, ஐந்து பேர். அவர்களைத் தேடிச் சென்ற இன்னொரு விமானமும் இருவரோடு மறைந்தது. மொத்தம் பத்து உயிர்கள். ஹொனலூலுவைச் சென்றடைந்தவை இரண்டே விமானங்கள்.

காணாமற்போன ஐவரில் ஒருவர் மில்ட்ரெட் டோரன். மிச்சிகன் மாநிலத்தின் இளம் பள்ளி ஆசிரியை. விமானத்தில் பயணியாக மட்டுமே சென்றவர். அவர் ஏறிய விமானம் முதலில் எந்திரக் கோளாறோடு திரும்பி வந்தது. அப்போது அவர் இறங்கிக்கொண்டிருக்கலாம். மீண்டும் கிளம்பினார்கள். அதன்பின் அவர்களை எவரும் பார்க்கவில்லை. பரிசுகளின் பெருமையைப் பேசுகிற நண்பர்கள் இந்தப் பெயரை ஏன் ஒருமுறைகூட உச்சரிப்பதில்லை?

இந்த மூன்று போட்டிகளில் மட்டும் இருபது பேர். தோல்விக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது பரிசளிப்பவருடைய பார்வையில் மட்டுமே உண்மை. அந்த விலை வேறு ஏட்டில் எழுதப்படுகிறது. அந்த ஏட்டைப் புரட்டாமலேயே ‘பரிசு மலிவானது’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். தன்னைக் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தி புறநானூறு படித்தவர்க்குத் தெரியும். தருபவன் பெறுபவனை அறிந்து தர வேண்டும் என்பது அந்தப் புலவரின் மானம். பந்தயப் பரிசின் இயல்போ அதற்கு நேர்மாறு. வருபவன் யார், அவனுடைய பொறி தாங்குமா, எத்தனை மணி நேரம் தூங்காமல் இருக்கிறான் என்பதையெல்லாம் பரிசளிப்பவர் அறியத் தேவையே இல்லை. கோட்டைத் தாண்டினானா என்பது மட்டும் அவருக்குப் போதும்.

எதிர்த்தரப்பின் வலுவான பகுதிகளை மறைப்பது எங்கள் நோக்கமன்று. ப்ளேரியோவை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வண்டி விளக்குகள் செய்து ஈட்டிய பணத்தைப் பல ஆண்டுகளாகப் பறக்கும் பொறிகளில் கொட்டித் தீர்த்த மனிதர் அவர். கால்வாயைக் கடந்த பொறியின் வரிசை எண் பதினொன்று. ஆயிரம் பவுன் பரிசு அந்தச் செலவின் முன் அற்பம். ஆனால் 1909 ஜூலை 25க்குப் பிறகு அந்தப் பொறியை வாங்க நூற்றுக்கும் மேற்பட்டோர் முன்வந்தனர். பரிசு பொறியை உண்டாக்கவில்லை. பொறியின் மேல் ஊராருக்கு நம்பிக்கையை உண்டாக்கியது. 1906இல் இலண்டன்-மான்செஸ்டர் பயணத்துக்குப் பத்தாயிரம் பவுன் என்று ‘டெய்லி மெயில்’ அறிவித்தபோது, செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்வருபவர்க்கும் பத்தாயிரம் பவுன் தருவதாக ‘பஞ்ச்’ இதழ் கேலி செய்தது. 1910 ஏப்ரலில் லூயி போலான் அப்பரிசை வென்றபோது கேலி அடங்கிற்று. இது சிறிய காரியமன்று. நாளிதழின் விற்பனையும் கூடவே வளர்ந்திருக்கும் என்பதைச் சொல்லிவிட்டு, அந்தப் பெருமையை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம்.

சிறு பரிசுகள் செய்த நன்மையும் உண்டு. 1907இல் அதே நாளிதழ் நடத்திய மாதிரி விமானப் போட்டியில் ஏ.வி. ரோ என்ற இளைஞர் எழுபத்தைந்து பவுன் பெற்றார். அந்தப் பணத்தைக் கொண்டு முழு அளவுப் பொறியொன்றைக் கட்டத் தொடங்கினார். பின்னாளில் அவ்ரோ நிறுவனத்தை நிறுவியவர் அவரே. மாதிரி விமானம் விழுந்தால் மூங்கில் முறியும், ஆள் சாவதில்லை.

மனித உடலின் ஆற்றலால் மட்டும் பறப்பதற்கு ஹென்றி க்ரெமர் 1959இல் அறிவித்த பரிசும் இவ்வகைத்து. தொகை ஐயாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் பவுனாக வளர்ந்தது. பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தது. 1977 ஆகஸ்டில் பால் மக்ரெடி வடிவமைத்த ‘காஸமர் காண்டர்’ என்ற பொறியைப் பிரையன் ஆலன் மிதித்துப் பறந்து வென்றார். அது தரையை ஒட்டி மெதுவாகப் பறந்தது. விழுந்தால் குழாய் ஒடியும், தாள் கிழியும். சில மணி நேரத்தில் ஒட்டிவிட்டு மறுபடி பறப்பார்கள். விழுந்து விழுந்து கற்க முடிந்ததே அந்த வெற்றியின் சூட்சுமம். ஆக, பரிசு எங்கே பொருந்துகிறது என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. தோல்வி மலிவாகவும் மீட்கத்தக்கதாகவும் இருக்கிற இடத்தில் பரிசு நல்ல ஆசான். தோல்வி என்றால் கடலடி என்கிற இடத்தில் அது வெறும் சூதாட்டப் பலகை.

நம் நாட்டுக் கதை ஒன்றோடு முடிக்கிறோம். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியர்க்கு ஆகா கான் ஐந்நூறு பவுன் அறிவித்தார். 1930 மே மாதம் கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா கிளம்பினார், எதிர்த்திசையில் இங்கிலாந்திலிருந்து அஸ்பி எஞ்சினியர் என்ற பதின்ம வயது இளைஞர் வந்துகொண்டிருந்தார். எகிப்தில் அபுகீர் திடலில் இருவரும் சந்தித்தார்கள். அஸ்பியிடம் மாற்று ஸ்பார்க் பிளக்குகள் இல்லை. மேற்கொண்டு நகர முடியாமல் நின்றிருந்தார். டாட்டா தன்னிடமிருந்தவற்றைக் கொடுத்துவிட்டுப் பறந்தார். சில மணி நேர வித்தியாசத்தில் அஸ்பி வென்றார், டாட்டா தோற்றார். அஸ்பி பின்னாளில் இந்திய விமானப்படையின் தலைவரானார். தோற்றவரோ 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டைகளோடு ஒரு சிறு விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அந்த அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இந்நாட்டின் விமானப் போக்குவரத்து அந்த மூட்டைகளில் தொடங்கிற்று.

போட்டியின் விதிப்படி பார்த்தால், எதிராளிக்கு ஸ்பார்க் பிளக் கொடுத்தது மூடத்தனம். பறத்தலின் வரலாற்றைப் பார்த்தால், லிலியந்தாலின் அட்டவணையும் ஷனூட்டின் கடிதங்களும் ஸ்மித்சோனியன் அனுப்பிய பிரசுரக்கட்டும் அந்த ஸ்பார்க் பிளக்குகளும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. மனிதனைப் பறக்க வைத்தவை இவை என்றே நாங்கள் கருதுகிறோம். மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் எழுதட்டும். எழுதும்போது வென்றவர்களின் பட்டியலோடு, திரும்பி வராதவர்களின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதட்டும்.